எல்லாப் பெயரும் தெரிய வேண்டிய பக்கம்

1. மூன்றாம் ஆண்டு கணினிப் பொறியியல் வகுப்புக்கு நான் ஒரு விக்கி தொடங்கிக் கொடுத்தேன். விக்கி என்றால், ஒரே பக்கத்தைப் பல பேர் சேர்ந்து எழுதலாம், யாரும் திருத்தலாம். யார், எப்போது, எதைத் திருத்தினார்கள் என்பது பக்கத்துக்குப் பின்னால் தானாகவே பதிவாகிக்கொண்டிருக்கும்.

2. ஒவ்வொரு குழுவும் ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுத்து, அது என்னென்ன செய்ய வேண்டும் என்ற அறிக்கையை அதில் சேர்ந்து எழுத வேண்டும். ஒரு குழு, நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்தில் பயணிகளுக்குப் பேருந்து நேரம் சொல்லும் மென்பொருளை எடுத்துக்கொண்டது.

3. அந்தக் குழுவில் ஒவ்வொருவரும் ஒரு பத்தி எழுதி, கீழே தன் பெயரையும் எண்ணையும் போட்டுவிட்டுப் போனார்கள்.

4. ஒரு மாணவி எல்லாப் பத்திகளையும் சேர்த்து ஒரே அறிக்கையாக்கினாள். செய்யச் சொன்னது நான். பெயர்கள் பக்கத்தின் முகப்பிலிருந்து போயின.

5. ஒரு மாணவனின் அப்பா கல்லூரிக்கு வந்து, மகனின் பெயரை அழித்துவிட்டார்கள் என்று துறைத் தலைவரிடம் முறையிட்டார்.

6. அந்த மாணவி மன்னிப்புக் கடிதம் எழுதித் தராமல் அவளுடைய ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார் துறைத் தலைவர்.

7. அந்தக் கையெழுத்து இல்லாமல் செய்முறைத் தேர்வு எழுத முடியாது. எழுதாவிட்டால் அரியர். அரியர் இருந்தால் அடுத்த ஆண்டு கேம்பஸ் இண்டர்வியூவில் உட்கார முடியாது.

நடந்தது இந்த வரிசையில்தான் நடந்தது. இதில் நான்காவதுதான் குற்றம் என்று எங்கள் துறை முடிவு செய்தது. நான் எத்தனை முறை மேலிருந்து கீழாகப் படித்தாலும், சரியாக நடந்த வேலை அந்த நான்காவது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. அதனால்தான் இத்தனை வருடம் கழித்தும் இதை எழுத உட்காரும்போது விரல்கள் கோபத்தில் வேகமாக ஓடுகின்றன.

நான் அப்போது எம்.இ. முடித்துவிட்டு, நாகர்கோவிலுக்கு வெளியே ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்திருந்தேன். விக்கி யோசனை என்னுடையது என்றாலும், அதற்கு வாசல் திறந்துவிட்டது துறைத் தலைவர்தான். கல்லூரியின் தரத்தைப் பார்க்க வெளியிலிருந்து ஒரு ஆய்வுக் குழு வரவிருந்தது. "புதிய கற்பித்தல் முறைகள்" என்று முதுகில் ஒட்டிய ஒரு கோப்பு அவருடைய அலமாரியில் காலியாக நின்றது. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

"நீங்க புதுசா படிச்சிட்டு வந்த ஆளுல்லா? இந்த பைல்ல வைக்கதுக்கு எதாவது செய்யுங்க. பாத்தா புதுசா இருக்கணும். செலவு இருக்கப்பிடாது."

விக்கியைப் பற்றிச் சொன்னேன். இணையத்தில் இலவசமாக இடம் கொடுக்கிற தளம் இருக்கிறது, செலவே இல்லை என்றேன். "கொள்ளாம், கொள்ளாம்" என்று திருப்தியாகத் தலையாட்டினார். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

முதல் வகுப்பில் கரும்பலகையில் நான்கு விதிகள் எழுதினேன். பக்கம் எல்லோருக்கும் பொது. யார் எழுதிய வாக்கியத்தையும் யாரும் திருத்தலாம். பக்கத்தில் பெயர் எழுத வேண்டாம், யார் எழுதியது என்பதைப் பதிவே சொல்லும். பெரிய மாற்றம் செய்வதற்கு முன்னால், பக்கத்தோடு இணைந்திருக்கும் விவாதப் பகுதியில் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். எங்கள் கல்லூரியில் எதை எழுதிப் போட்டாலும் நோட்டில் எழுதிக்கொள்வார்கள்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பேருந்துக் குழுவின் பக்கத்தைத் திறந்தேன். அறிக்கை என்று ஒன்றும் இல்லை. ஆளுக்கு ஒரு பத்தி. எல்லாப் பத்தியும் "போக்குவரத்து மனித வாழ்வில் முக்கியப் பங்கு வகிக்கிறது" என்ற பொருள் வரும் ஒரே ஆங்கில வாக்கியத்தில் தொடங்கியது. அதற்குப் பிறகு ஒவ்வொருவரும் தன் ஊருக்குப் போகும் பேருந்தைப் பற்றி மட்டும் எழுதியிருந்தார்கள். நெய்யூர்ப் பையன் எழுதியதைப் படித்தால் வடசேரியிலிருந்து நெய்யூரைத் தவிர வேறெங்கும் பேருந்து போவதில்லை என்றுதான் நினைக்கத் தோன்றும். ஒவ்வொரு பத்திக்கும் கீழே தடித்த எழுத்தில் பெயர், அடைப்புக்குறிக்குள் பதிவெண்.

பார்த்ததும் எனக்கு எங்கள் பக்கத்துக் கல்யாண அழைப்பிதழ்தான் நினைவுக்கு வந்தது. பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தான், மூன்று தலைமுறைக் குழந்தைகள் என்று எல்லோர் பெயரும் இருக்க வேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனால் அந்தக் குடும்பம் கல்யாணத்துக்கு வராது. வந்தாலும் பந்தியில் உட்காராது. கோயில் கொடைவிழா நோட்டீஸும் அப்படித்தான், மாதா கோயில் திருவிழா நோட்டீஸும் அப்படித்தான். அச்சான தாளில் தன் பெயர் கண்ணால் காணும்படி இருப்பது இங்கே மரியாதை. அடுத்தவன் பெயரில் கைவைப்பது அவனை அடிப்பதற்குச் சமம். இதை அறிந்த ஊரில் பிறந்த நான்தான், பெயர் போடாதீர்கள் என்று கரும்பலகையில் எழுதியிருந்தேன். விதி சரியானதுதான். அது எதோடு மோதும் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

"ஒருத்தர் எழுதினத இன்னொருத்தர் ஏன் தொடல?" என்று வகுப்பில் கேட்டேன்.

நெய்யூர்ப் பையன் எழுந்தான். "மிஸ், அவன் எழுதினத நான் அழிச்சா, நாளைக்கு அவன் எனக்க கூட பஸ்ஸுல இருப்பானா?"

"இருந்துட்டாலும்! நீ சீட்டு போட்டு வைக்கதே உனக்க சோத்துப் பாத்திரத்துக்கு" என்றான் பின்வரிசையில் ஒருவன்.

"லேய், நீ எழுதினது மட்டும் பெரிய இதுவாக்கும்."

"நான் எங்கல எழுதினேன்? காப்பியாக்கும்."

வகுப்பே சிரித்தது. முன்வரிசையில் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. கையைத் தூக்கினாள்.

"மிஸ், நான் ஒண்ணாச் சேத்து எழுதட்டா?"

அவள் கடற்கரை ஊர்க்காரி. அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். வகுப்பில் அதிகம் பேசமாட்டாள். பேசினால் கேள்வியாகத்தான் இருக்கும். "கண்டிப்பா எழுது. அதுக்குத்தான் விக்கி" என்றேன்.

"அடிக்க வரமாட்டாங்களா?" என்றாள் பின்வரிசையைக் காட்டி.

"விவாதப் பகுதியில மொதல்ல சொல்லிரு."

சொன்னாள். எல்லாப் பத்தியையும் சேர்த்து ஒரே அறிக்கையாக்கப் போகிறேன், யாருக்கும் மறுப்பு இருந்தால் இங்கே சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாள். ஒரே ஒருவன் "ஓகே" என்று பதில் போட்டிருந்தான். மற்றவர்கள் அப்படி ஒரு பகுதி இருப்பதையே பார்க்கவில்லை.

மதிய இடைவேளைகளில் ஆய்வகத்தில் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்தாள். அது மின்வெட்டுக் காலம். யு.பி.எஸ். கத்தத் தொடங்கினால் எல்லாக் கணினியும் அணைவதற்குள் சேமித்துவிட வேண்டும். நான் என் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவள் எழுதுவதை எட்டிப் பார்ப்பேன், வாய் திறக்கமாட்டேன்.

பத்திகளுக்குள் ஒரு முரண் இருந்தது. பயணி பேருந்தை அதன் எண்ணை வைத்துத் தேடுவார் என்று இருவர் எழுதியிருந்தார்கள். போகும் ஊரை வைத்துத்தான் தேடுவார் என்று வேறு இருவர். பெரும்பாலானவர்கள் இந்த மாதிரி இடத்தில் ஏதாவது ஒன்றை எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். இவள் இரண்டு நாள் மாலையில் வடசேரியில் பேருந்து மாறும்போது அங்கேயே நின்று கவனித்துவிட்டு வந்தாள்.

"மிஸ், தெனமும் போறவங்க நம்பரு சொல்லுதாங்க. ஆசுபத்திரிக்கும் கோர்ட்டுக்கும் வந்தவங்க ஊரு சொல்லுதாங்க. ஒரு அம்மா ரெண்டும் சொல்லல, அந்த மஞ்ச பெயிண்டு பஸ்ஸு எங்கன்னு கேட்டா."

"அதுக்கு என்ன எழுதப்போற?"

"எண்ணுலயும் தேடணும், ஊருலயும் தேடணும்னு எழுதிட்டேன். மஞ்ச பெயிண்ட நம்மளால ஒண்ணும் செய்ய ஒக்காது."

அவள் முடித்த அறிக்கை நல்ல அறிக்கை. இதை நான் பாசத்தால் சொல்லவில்லை. நெய்யூர்ப் பையன் எழுதியதில் உருப்படியாக இருந்தது ஒரு விஷயம். கடைசிப் பேருந்து எது என்பதைத் தனியாகக் காட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தான். அதை அவள் தவறவிடாமல் எடுத்து மேலே வைத்திருந்தாள். ஒவ்வொருவர் எழுதியதிலிருந்தும் ஏதோ ஒன்று அதில் இருந்தது. ஏழு பேர் சேர்ந்து எழுதியது என்று சொல்லத்தக்கதாக அந்தப் பக்கம் மாறியது அப்போதுதான். பெயர்கள் இருந்தபோது அது ஏழு தனித் தாள்களாக இருந்தது.

அடுத்த வாரம் துறைத் தலைவர் அறைக்கு என்னை வரச்சொல்லி ஆள் வந்தது. உள்ளே அவருக்கு எதிரே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வடசேரிச் சந்தையில் தேங்காய் மொத்த வியாபாரம் செய்கிறவர். குழுவில் ஒரு மாணவனின் அப்பா. கோபமாக வந்திருந்தாலும், அவர் முகத்தில் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது.

"மிஸ், நான் படிக்காத ஆளு. பய இண்டர்நெட்டுல எழுதியிருக்கான்னு சொன்னான். பிரௌசிங் சென்டர்ல போயி பாத்தேன், பேரு போட்டு இருந்துது. துபாய்ல இருக்குத எனக்க மச்சானுக்கு போன் போட்டுச் சொன்னேன். அவன் அங்க கூட வேல செய்யுத ஆளுவளுக்கெல்லாம் காட்டியிருக்கான், எனக்க மருமொவனாக்கும்னு. வெள்ளிக்கிழம திரும்பத் தொறந்து பாத்தா பேரு இல்ல. மச்சான் கேக்கான், என்ன மச்சான், பயல காலேஜுல இருந்து வெரட்டிட்டாவளான்னு."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் வருத்தம் உண்மையானது. ஐந்து நிமிடம் விளக்கினால் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். அதற்குள் துறைத் தலைவர் அந்தப் பெண்ணை அழைத்துவர ஆள் அனுப்பியிருந்தார்.

அவள் வந்து கதவருகே நின்றாள்.

"இந்தப் பேரையெல்லாம் அழிச்சது நீதானா?"

"பேர அழிக்கணும்னு அழிக்கல சார். எல்லாத்தையும் சேத்து எழுதினேன். மிஸ் சொன்ன மாதிரியாக்கும் செஞ்சேன்."

"ஆமா சார், நான்தான்..." என்று தொடங்கினேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"உங்க ஊருல வலைய அறுத்து அடிபிடி நடத்துகது மாதிரி, இஞ்ச வந்து அடுத்தவன் எழுதினத அறுத்துப் போடலாம்னு நெனச்சியா?"

இந்த வாக்கியத்தை நான் அப்படியே வைத்திருக்கிறேன். இதில் எத்தனை தவறு இருக்கிறது என்று அன்று வீட்டுக்குப் போகும் பேருந்தில் எண்ணிப் பார்த்தேன். அவள் அறுக்கவில்லை. அவள் ஊருக்கும் விக்கிக்கும் தொடர்பில்லை. ஒரு ஆசிரியர் ஒரு மாணவியின் ஊரை எடுத்து அவள் முகத்தில் எறிவதற்கு எந்த விதியும் இடம் தரவில்லை. அதுவும் பெற்றோர் ஒருவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்போது.

அவள் தலையைக் குனியவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"எங்க ஊருல வல அறுந்தா கெட்டுவோம் சார். அறுக்க மாட்டோம்."

 தேங்காய் வியாபாரி நாற்காலியில் நெளிந்தார். துறைத் தலைவரின் காதுகள் சிவந்தன.

"எதுத்துப் பேசுகியா?"

"நீங்க கேட்டீங்க, பதிலு சொன்னேன் சார்."

நான் அவர் மேசைமேல் இருந்த கணினியில் பக்கத்தைத் திறந்தேன். அனுமதி கேட்கவில்லை. பதிவுப் பகுதிக்குள் போய், அந்தப் பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மகன் எழுதிய பத்தி அப்படியே இருந்தது. பெயர், தேதி, நேரம் எல்லாம். எதுவும் அழியவில்லை, முகப்பில் மட்டும் தெரியவில்லை, அவன் எழுதிய கருத்து புதிய அறிக்கையில் இந்த இடத்தில் இருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"ஓ, உள்ள கெடக்கா?"

"ஆமா, எப்பவும் கெடக்கும்."

"இந்த இடத்த தொறக்கதுக்கு எங்க அமுக்கணும்? மச்சானுக்குச் சொல்லணும்."

எழுதிக் கொடுத்தேன். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். அந்தப் பெண்ணைப் பார்த்து, "ஒண்ணும் நெனைக்காத மக்ளே, எனக்கு வெவரம் தெரியல" என்றார். பிறகு துறைத் தலைவரிடம், "விடுங்க சாரே. சின்னப் பிள்ள. காரியம் தீந்துது" என்றார்.

"நீங்க போங்க. இனி இது டிபார்ட்மெண்ட் காரியம்" என்றார் துறைத் தலைவர்.

புகார் கொடுத்தவரே புகாரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தண்டனை மட்டும் அங்கேயே இருந்தது. சக மாணவர்களின் படைப்பை அனுமதியின்றி அழித்ததற்கு மன்னிப்புக் கோருகிறேன் என்று எழுதி, அப்பாவின் கையெழுத்தும் வாங்கி வர வேண்டும். அதுவரை ரெக்கார்டு நோட்டு அவருடைய அலமாரியில் இருக்கும். அடுத்த வாரம் செய்முறைத் தேர்வு.

கடிதம் கேட்டது விக்கிக்காக அல்ல. வலையைப் பற்றி அவள் சொன்ன பதிலுக்காக. அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

ஆசிரியர் அறையில் மூத்த விரிவுரையாளர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "ஒரு பேப்பருல நாலு வரி எழுதிக் குடுத்தா தீந்துது. பொம்பளப் பிள்ளைக்கு என்னத்துக்கு இந்த வீம்பு? நீங்களும் அதுக்கு தூபம் போடாதீங்க." அவரும் ஒரு பெண். இரண்டு பெண்பிள்ளைகளைப் பெற்றவர்.  அந்த நேரத்தில் வாயைத் திறந்திருந்தால் அன்றே அந்த வேலையை இழந்திருப்பேன்.

மாணவியிடம் கேட்டேன், என்ன செய்யப்போகிறாய் என்று.

"அம்மா எழுதிக் குடுத்துட்டு பரீட்சைய எழுது, வேலைதான் முக்கியம்னு சொல்லுதா மிஸ். அப்பா எழுதண்டாம்னு சொல்லிட்டாரு. ரெண்டு பேரும் இப்போ பேசிக்கிடல."

"நீ என்ன சொல்ற?"

"அழிச்சேன்னு நானே எழுதி கையெழுத்து போட்டா, நாளைக்கு யாரு கேட்டாலும் அதத்தான் எடுத்துக் காட்டுவாங்க. செய்யாதத செஞ்சேன்னு எப்படி மிஸ் எழுத?" நோட்டுகளைப் பைக்குள் வைத்தாள். "ஆனா அரியர் விழுந்தா கம்பெனிக்காரன் உள்ளயே விடமாட்டான், என்ன?"

"விடமாட்டான்."

"செரி" என்றாள். எது சரி என்று அவள் சொல்லவில்லை.

அன்று நான் துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். கரும்பலகையில் நான் எழுதிய நான்கு விதிகள், விவாதப் பகுதியில் அவள் முன்கூட்டியே அறிவித்தது, அதற்கு வந்த ஒரே பதில், பதிவில் எல்லோருடைய எழுத்தும் இருப்பது எல்லாவற்றையும் எண் போட்டு எழுதி, பக்கங்களின் பிரதியையும் இணைத்தேன். தவறு என்று ஒன்று இருந்தால் அதற்குப் பொறுப்பு பாடம் நடத்திய நான், மாணவி அல்ல என்று முடித்தேன். அவர் படித்துவிட்டு அதை என் பக்கமாகவே தள்ளினார்.

"இத பைல்ல வச்சா நமக்குத்தான் நாணக்கேடு."

குழுவில் இருந்தவர்களைக் கேட்டேன். யாராவது வந்து, எங்கள் எழுத்து அழியவில்லை என்று சொல்ல முடியுமா? தேங்காய் வியாபாரியின் மகன் போனான். அவனுக்கு நடந்ததெல்லாம் பெரிய அவமானமாக இருந்தது. "நான் கம்ப்ளைண்டு ஒண்ணும் குடுக்கல சார், அப்பா தெரியாம வந்துட்டாரு" என்றானாம். "நீ போயி படி" என்று திருப்பி அனுப்பினாராம். மற்றவர்கள் போகவில்லை. அவர்கள் ரெக்கார்டு நோட்டிலும் கையெழுத்து வேண்டும் அல்லவா?

தேர்வுக்கு முன்தினம் துறைத் தலைவரே என் இருக்கைக்கு வந்தார். ஆய்வுக் குழு சொன்ன நாளுக்கு முன்பே வருவதாகத் தகவல் வந்திருந்தது. கோப்பில் வைக்க விக்கிப் பக்கங்களின் அச்சுப் பிரதி உடனே வேண்டும்.

"அந்த பஸ் பக்கத்த மட்டும் பழையபடி ஆக்கிருங்க. எல்லார் பேரும் வெளிய தெரியணும்."

"சார், அப்போ அது அறிக்கையா இருக்காது. ஒரே முன்னுரை ஏழு தடவ வரும்."

"வந்தா வரட்டு. எல்லாரும் சேந்து செஞ்சதுன்னு காட்டணும்னா எல்லார் பேரும் வேணும்லா? பேரு இல்லாம சேந்து செஞ்சதுன்னு யாரு நம்புவா?"

பழைய பக்கத்தைத் திரும்பக் கொண்டுவர ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் அந்தப் பொத்தான் நிர்வாகிக்கு மட்டும்தான் வேலை செய்யும், தளத்தின் நிர்வாகக் கடவுச்சொல் என்னிடம் மட்டும்தான் இருந்தது. அது அவருக்குத் தெரியும். எனக்கும் அந்த நிமிடத்தில்தான் உறைத்தது.

"மாத்தித் தாறேன் சார். அந்தப் பிள்ளைக்க ரெக்கார்டுலயும் இப்பவே கையெழுத்து போட்டுருங்க. கடிதம் இல்லாம."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எங்கிட்ட வெல பேசுகீங்களா?"

"இல்ல சார். ரெண்டும் நாளைக்குள்ள முடிய வேண்டிய வேல. ஒண்ணா முடிச்சிரலாம்னு சொல்லுதேன்."

  அவர் திரும்பித் தன் அறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அட்டெண்டர் வந்து ரெக்கார்டு நோட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். பச்சை மையில் கையெழுத்து இருந்தது.

பொத்தானை அழுத்தும் முன் அவளை வரவழைத்தேன். நடந்ததைச் சொன்னேன். நோட்டைத் திறந்து கையெழுத்தைப் பார்த்தாள், மூடினாள்.

"நான் ஒருக்க பாத்துக்கிடட்டா மிஸ்?"

நாற்காலியைக் கொடுத்தேன். தான் எழுதிய அறிக்கையை மேலிருந்து கீழ்வரை மெதுவாக நகர்த்திப் பார்த்தாள். ஒரு இடத்தில் நின்றாள். "இஞ்ச ஒரு கமா விட்டுப்போச்சு" என்றாள். அந்தக் கமாவைப் போட்டுச் சேமித்தாள். பிறகு எழுந்து, "அமுக்குங்க" என்றாள்.

அழுத்தினேன். போக்குவரத்து மனித வாழ்வில் முக்கியப் பங்கு வகிக்கிறது என்று ஏழு முறை சொல்லும் பக்கம் திரும்ப வந்தது. சரியாகச் செய்த ஒரு வேலையை, ஒரு கையெழுத்துக்காக, அதைச் செய்யச் சொன்ன நானே திருப்பிப் போட வேண்டியிருந்தது. கோபம் என்று சொல்கிறேனே, அது அந்தப் பொத்தானில் இருக்கிறது. துறைத் தலைவரின் வாய்க்கு வந்த சொல்லைவிட, விக்கி என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளக்கூட முயலாமல் அதைக் கோப்பில் வைத்துப் பெருமைப்பட்ட அந்த ஏற்பாடு முழுவதன்மேலும்தான் எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

ஆய்வுக் குழு வந்தது. கோப்பைப் புரட்டிய ஒருவர், எல்லா மாணவர்களின் பங்களிப்பும் தெளிவாகத் தெரிகிறது என்று பாராட்டினார். துறைத் தலைவர் என்னை அருகில் அழைத்து அறிமுகப்படுத்தினார். நான் வணக்கம் சொன்னேன்.

அவள் தேர்வு எழுதினாள். அகமதிப்பெண் பட்டியல் ஒட்டப்பட்டபோது, நான் போட்டுக் கொடுத்த மதிப்பெண் அதில் இல்லை. அவளுக்குத் தேர்ச்சிக்கு வேண்டிய அளவு மட்டும் இருந்தது. காப்பியடித்தேன் என்று சொல்லி வகுப்பைச் சிரிக்கவைத்தவனுக்கு அவளைவிட அதிகம். போய்க் கேட்டேன்.

"ஒழுக்கத்துக்கும் மார்க்கு உண்டு மேடம்" என்றார். கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கல்லூரி முதல்வருக்கு எழுதினேன். துறைத் தலைவரிடம் கேட்டுச் சொல்வதாகப் பதில் வந்தது. அதற்குப் பிறகு முதல்வரிடமிருந்து எந்தப் பதிலும் வரவில்லை. மறு வருடம் நான் அங்கிருந்து விலகினேன்.

இன்றைய நிலை இது. அவளுக்கு அரியர் விழவில்லை. கேம்பஸில் தேர்வாகி, திருவனந்தபுரத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறாள். அந்தப் பாடத்தில் அவளுடைய மதிப்பெண் மாற்றப்படவில்லை, இனி மாற்ற வழியும் இல்லை. நாங்கள் பயன்படுத்திய இலவசத் தளத்தைச் சில வருடங்களுக்கு முன் மூடிவிட்டார்கள். பதிவுகளும் அதோடு போயின. மிஞ்சியிருப்பது கல்லூரிக் கோப்பில் இருக்கும் அச்சுப் பிரதி மட்டும். அதில் அவள் எழுதிய அறிக்கை இல்லை. நான் வேறொரு கல்லூரியில் அதே பாடத்தை நடத்துகிறேன், மாணவர்களுக்கு விக்கிதான் கொடுக்கிறேன்.